பருத்திச் செடியில் பங்காளிச் சண்டை

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்குகிறது. இரு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் மிஞ்ச வேண்டுமென்று தனித்தனியே கூத்து வைப்பார்கள். கூத்தாடிக்கு இரட்டைக் கூலி கிடைக்கும். ஒரே செடியைத் தின்று வாழும் இரண்டு பூச்சிகள் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டால், அந்தச் செடியை நட்ட குடியானவருக்குக் கொண்டாட்டம் உண்டா? இதுவே இந்த வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

பயிரை அழிக்கும் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது நாம் அவற்றையெல்லாம் ஒரே சேனையாகக் கருதிவிடுகிறோம். புழுவும் பேனும் ஈயும் வண்டும் கூட்டுச் சேர்ந்து நம் வயலின்மேல் படையெடுத்து வந்தவை போலவும், அவற்றுள் எதைக் கொன்றாலும் அந்த அளவுக்கு எதிரியின் பலம் குறைந்துவிடும் என்பது போலவும் எண்ணுகிறோம். உண்மையில் அவை ஒரு சேனையைச் சேர்ந்தவை அல்ல. ஒரே பாட்டன் சொத்துக்குப் பாத்தியதை கொண்டாடும் பங்காளிகளைப் போன்றவை. பங்காளிகளில் ஒருவர் இல்லாமற் போனால் அவருடைய பாகம் ஊராருக்கு வந்துவிடுமா? மற்றப் பங்காளிக்கன்றோ போய்ச் சேரும்! இந்தச் சிறிய உண்மையை மறந்ததனால் பல தேசங்களில் குடியானவர்கள் கொடுத்த விலை பெரிது. நாம் உடுத்தும் வேஷ்டிக்கும் புடைவைக்கும் மூலமான பருத்திச் செடியையே உதாரணமாக வைத்துக்கொண்டு அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஒரு செடி, பல குடித்தனங்கள்

பருத்திச் செடியைப் போல் விருந்தாளிகள் மிகுந்த செடி வேறொன்றைக் காண்பது அரிது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே அசுவினியும் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் இலைப்பேனும் குடியிருக்கும். தண்டோடு ஒட்டி மாவைத் தூவியதுபோல் மாவுப்பூச்சி படர்ந்திருக்கும். தரையை ஒட்டிய தண்டுக்குள் கூன்வண்டின் புழு குடைந்துகொண்டிருக்கும். சப்பை, பூ, காய் என்று செடி செல்வம் சேர்க்கத் தொடங்கியதும் காய்ப்புழுக்கள் வந்து சேரும்.

இவற்றை இரண்டு சாதிகளாகப் பிரிக்கலாம். கடித்து மென்று தின்பவை ஒரு சாதி. ஊசி போன்ற வாயால் குத்திச் சாற்றை உறிஞ்சுபவை மற்றொரு சாதி. புழுக்கள் முதற் சாதி. அசுவினி முதலியவை இரண்டாம் சாதி. இந்தப் பிரிவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

காய்ப்புழுக்களுக்குள்ளேயும் மூன்று குடும்பங்கள் உண்டு. புள்ளிக் காய்ப்புழு செடி இளமையாக இருக்கும்போதே குருத்தைத் துளைக்கத் தொடங்கி, பிறகு சப்பைக்கும் காய்க்கும் போகும். பச்சைக் காய்ப்புழு சப்பையிலும் காயிலும் தலையை மட்டும் உள்ளே விட்டு உடலை வெளியே வைத்துக்கொண்டு தின்னும். ஒரு காயோடு நில்லாமல் காய்விட்டுக் காய் போகும். இதை 'அமெரிக்கக் காய்ப்புழு' என்று நம் நாட்டில் அழைப்பதுண்டு. பெயர்தான் அமெரிக்கா, பூச்சி ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா கண்டங்களைச் சேர்ந்தது. மூன்றாவதான இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையிலிருந்து வந்த சிறிது நேரத்திற்குள் காயைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அதன் பிறகு வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காய் நல்ல காயாகவே தோன்றும். உள்ளே கொட்டைகளை அது காலி செய்துகொண்டிருப்பது காய் வெடிக்கும்போதுதான் தெரியும். பருவத்தின் பிற்பகுதியில்தான் இதன் ஆட்சி ஓங்கும்.

இப்படி இடத்தாலும் காலத்தாலும் பாகம் பிரித்துக்கொண்டு வாழ்வதைப் பார்த்தால் பங்காளிகள் சமாதானமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் நன்றாகப் பாகம் பிரித்த குடும்பத்திலும் வரப்புத் தகராறு இல்லாமலா போகும்?

அறிஞர்களுக்குள் நடந்த வழக்கு

பூச்சிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றனவா என்பதைப் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே நெடுநாள் வழக்கு நடந்தது. ரஷ்ய விஞ்ஞானி காவ்ஸே 1934-ல் ஒரு நூல் வெளியிட்டார். நீர்த்துளியில் வாழும் ஓரணு உயிர்களில் இரண்டு இனங்களை ஒரே குடுவையில், ஒரே உணவில் வளர்த்துப் பார்த்தார். ஓர் இனம் தழைக்க, மற்றது அடியோடு மறைந்தது. ஒரே உணவை ஒரே விதமாக உண்ணும் இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் நெடுங்காலம் நிலைக்க மாட்டா என்ற விதி இதிலிருந்து பிறந்தது.

ஆனால் 1960-ல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபாட்கின் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் வேறொரு வாதத்தைக் கொண்டுவந்தார்கள். "உலகம் பச்சைப் பசேலென்று இருக்கிறதே! தழை தின்னும் பிராணிகளுக்கு உணவுப் பஞ்சம் உண்டென்றால் இவ்வளவு தழை எப்படி மிஞ்சும்? அவற்றை அடக்கி வைத்திருப்பவை அவற்றைத் தின்னும் பகைவர்களே, உணவுக்காகப் போட்டியிடும் அளவுக்கு அவை பெருகுவதே இல்லை" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல், தழை தின்னும் பூச்சிகளுக்குள் போட்டி என்பது அபூர்வம் என்றே பலர் நம்பினார்கள்.

1995-ல் டென்னோ முதலிய அறிஞர்கள், அதுவரை உலகெங்கும் செய்யப்பட்ட பரிசோதனைகளை ஒருங்கே திரட்டிப் பார்த்தபோது தீர்ப்பு மாறியது. போட்டி அபூர்வமன்று, சர்வ சாதாரணம். அதைவிட வியப்பு, போட்டியிடுபவை ஒன்றையொன்று சந்திக்க வேண்டுமென்பதே இல்லை! ஒன்று செடியின் உச்சியிலும் ஒன்று அடியிலும் இருக்கலாம். ஒன்று ஆனியில் வந்து போயிருக்க, மற்றது ஆவணியில் வரலாம். தழை மிச்சமிருப்பதனால் மட்டும் போட்டி இல்லையென்று சொல்வதற்கில்லை. பச்சையாகத் தெரிவதெல்லாம் உண்ணத் தக்கதன்று.

நேருக்கு நேர்

நேருக்கு நேரான சண்டையும் உண்டு. அதை முதலில் பார்த்துவிடலாம். பச்சைக் காய்ப்புழு தன் இனத்தையே தின்னும் சுபாவமுடையது. ஒரே காயில் இரண்டு புழுக்கள் நேர்ந்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடுவது வழக்கம். அண்ணன் தம்பி என்ற தயவு அங்கே கிடையாது.

இரண்டு இனங்கள் மோதி ஒன்று நாடு கடத்தப்பட்ட கதை ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்தது. மத்தியதரைக் கடல் பழஈ 1910-ல் அங்கே குடியேறிப் பழங்களை நாசம் செய்துவந்தது. 1945-ஐ ஒட்டி ஆசியாவிலிருந்து கீழைப் பழஈ வந்திறங்கியது. இரண்டின் புழுக்களும் பழத்தின் சதையைத் தின்று வளர்பவை. சில ஆண்டுகளுக்குள் தாழ்நிலத்துத் தோட்டங்களில் பழைய ஈயைக் காண்பதே அரிதாகிவிட்டது. குளிர்ந்த மேட்டுநிலங்களிலும், காப்பிப் பழங்களிலுந்தான் அது ஒண்டிப் பிழைத்தது. பழைய ஈ ஒழிந்த இடங்களில் பழங்கள் பிழைத்தனவா என்றால், இல்லை. தின்னும் வாய் மாறியது. பழம் போனது போனதுதான்.

செடி நடத்தும் காவல்

இனி, ஒன்றையொன்று காணாமலே நடக்கும் போருக்கு வருவோம். இதற்கு நடுவில் நிற்பது செடி. நாம் செடியை வாயில்லாப் பூச்சி என்று சொல்கிறோம். அது சும்மா நின்று தின்னக் கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. பருத்தி இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள் தெரியும். அவை விஷப் பைகள். காஸிபால் முதலிய கசப்பான ரஸாயனங்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. பருத்திக்கொட்டையிலும் அந்தக் காஸிபால் உண்டு. மாடு தின்று செரித்துவிடும் கொட்டையைக் கோழிக்குத் தாராளமாக வைக்கக் கூடாதென்பதற்கு அதுவே காரணம்.

புழு ஓர் இலையைக் கடித்துவிட்டால் செடி அதைத் தெரிந்துகொள்ளுகிறது. அடுத்து வரும் இளந்தளிர்களில் விஷப் பைகளைக் கூடுதலாக வைத்து அனுப்புகிறது. கன்னம் வைத்த வீட்டுக்காரர் மறுநாளே கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போடுவது போன்ற காரியந்தான் இது. திருடனுக்காகப் போட்ட தாழ்ப்பாள் விருந்தாளியையும் வெளியே நிறுத்திவிடுமல்லவா? அப்படியே புழுவுக்காகச் சேர்த்த விஷம் அந்தத் தளிருக்குச் சாறு உறிஞ்ச வரும் அசுவினியையும் வாட்டுகிறது.

இதைச் சுவிட்சர்லாந்தையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட பரிசோதனை தெளிவாகக் காட்டியது. புழு கடிக்க முடியாத பருத்தி ஒரு பக்கம்; புழு கடித்த சாதாரணப் பருத்தி மறுபக்கம். புழு கடிக்காத செடியில் விஷப் பைகள் பெருகவில்லை; அங்கே அசுவினி செழித்தது. புழு கடித்த செடியில் அசுவினி மெலிந்தது. புழுவும் அசுவினியும் ஒன்றையொன்று தொட்டதும் இல்லை, தீண்டியதும் இல்லை. ஆயினும் ஒன்று இருந்தவரை மற்றொன்றுக்கு வளர்ச்சி குன்றியிருந்தது.

செடியின் காவலில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கடிப்பவை வந்தால் செடி ஒருவித அபாயச் செய்தியை உடலெங்கும் அனுப்புகிறது. அதைக் கொண்டுசெல்வது ஜாஸ்மோனிக் அமிலம். மல்லிகையின் மணத்துக்கும் இதற்கும் நெருங்கிய ரஸாயன உறவு உண்டு. வெள்ளை ஈ போன்ற உறிஞ்சிகள் வந்தாலோ, நோய்க் கிருமி வந்தாலோ பெரும்பாலும் வேறொரு செய்தி போகிறது. அதைச் சுமப்பது ஸாலிஸிலிக் அமிலம். நாம் தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரினின் மூலப்பொருள் அது. இந்த இரண்டு செய்திகளும் பல சமயங்களில் ஒன்றையொன்று அமுக்கிவிடும். காவற்காரர் ஒருவரே, கிழக்கு வாசலில் கூச்சல் கேட்டு ஓடினால் மேற்கு வாசல் திறந்து கிடக்கும். எனவே ஒரு பங்காளியின் வரவு சில வேளைகளில் மற்றவனுக்குத் தடையாகவும், சில வேளைகளில் உதவியாகவும் முடிகிறது.

இலையின் மயிரிலும் இந்த வழக்கு உண்டு. 1920-களில் தென்னாப்பிரிக்காவில் பார்னெல் என்பவர், இலையில் மயிரடர்ந்த பருத்தி ரகங்களைத் தத்துப்பூச்சி அண்டுவதில்லை என்று கண்டார். அந்த ரகங்களால் பருத்தி விவசாயமே அங்கே பிழைத்தது. ஆனால் மயிரடர்ந்த இலை வெள்ளை ஈக்கு மெத்தையாகிறது. பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் முட்டையிட அப்படிப்பட்ட இலையையே நாடுகிறது. மயிரை நீக்கி வழவழப்பான இலையை உண்டாக்கினாலோ தத்துப்பூச்சி திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது. ஒரு பங்காளியைத் திருப்தி செய்யாமல் மற்றொரு பங்காளியைத் துரத்தும் இலையை ஆக்குவது எளிதன்று.

பொதுப் பகைவர்கள்

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அசுவினியைப் பொறிவண்டு தின்கிறது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சும் தின்கிறது. இவை அசுவினியோடு நிற்பதில்லை. காய்ப்புழுவின் முட்டை கிடைத்தால் அதையும் ருசி பார்க்கின்றன. பயிர் இளமையாக இருக்கும்போது கொஞ்சம் அசுவினி இருந்தால் அதைத் தின்று பொறிவண்டுகள் பெருகும். பிறகு காய்ப்புழு முட்டையிட வரும்போது அந்தப் பட்டாளம் தயாராகக் காத்திருக்கும். அசுவினியும் காய்ப்புழுவும் உணவுக்காக மோதவில்லை. ஆயினும் ஒன்றின் பெருக்கம் மற்றொன்றின் அழிவுக்குக் காரணமாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் போட்டி போலவே தோன்றும் இதை 1977-ல் ஹோல்ட் என்ற அறிஞர் கணக்குப் போட்டு விளக்கி, 'தோற்றப் போட்டி' என்று பொருள்படும் பெயரையும் கொடுத்தார்.

விதைத்த சில வாரங்களுக்குள் நாலைந்து அசுவினியைக் கண்டவுடனே கடும் மருந்தை அடிக்கும் குடியானவர், காய்ப்புழுவுக்குக் காவலிருந்த பட்டாளத்தைத் தம் கையாலேயே கலைத்துவிடுகிறார் என்பது இதனால் விளங்கும்.

மனிதன் தலையிட்டபோது

இனி, இந்தப் பங்காளிச் சண்டையில் மனிதன் தலையிட்ட வரலாற்றைப் பார்ப்போம். 1992-ல் வட சீனாவில் பச்சைக் காய்ப்புழு பேரழிவை உண்டாக்கியது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. 1997-ல் அங்கே ஒரு புதுப் பருத்தியைப் பயிரிடத் தொடங்கினார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்று புழுக்களின் குடலை அழிக்கும் விஷத்தை உண்டாக்குகிறது. ஜப்பானிய அறிஞர் இஷிவாதா 1901-ல் பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயில் இதைக் கண்டார். பின்னர் ஜெர்மனியின் தூரிங்கியா மாகாணத்தின் பெயரால் அது வழங்கலாயிற்று. அந்த விஷத்தை ஆக்கும் மரபணுவைப் பருத்திக்குள்ளேயே புகுத்திய செடிதான் 'பி.டி. பருத்தி'.

பலன் அற்புதமாக இருந்தது. பருத்தியில் மட்டுமன்று, அக்கம்பக்கத்து மக்காச்சோளம், நிலக்கடலை, காய்கறித் தோட்டங்களிலுங்கூடக் காய்ப்புழு குறைந்தது. மருந்தடிப்பும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் 1997 முதல் 2008 வரை ஆறு மாகாணங்களில் எடுத்த கணக்கு 2010-ல் வெளியானபோது மற்றொரு செய்தி தெரிந்தது. சப்பையைக் குத்திச் சாறு உறிஞ்சும் மிரிட் என்னும் நாவாய்ப்பூச்சி, முன்பு யாரும் பொருட்படுத்தாதது, ஆண்டுக்கு ஆண்டு பெருகிவந்தது. முன்னெல்லாம் பருத்தி வயலுக்கு வந்த மிரிட்டுகள் காய்ப்புழுவுக்காக அடித்த மருந்தில் மாண்டன. பருத்தி அவற்றுக்கு மயானமாக இருந்தது. மருந்து நின்றதும் அதே பருத்தி அவற்றுக்குத் தொட்டிலாகிவிட்டது. அங்கிருந்து அவை திராட்சை, ஆப்பிள், பீச் தோட்டங்களுக்கும் பரவின. புழு தின்னும் செடியின் விஷம் உறிஞ்சும் பூச்சியை ஒன்றும் செய்யாதாகையால் அவற்றுக்குத் தடை ஏதுமில்லை.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மருந்தடிப்புக் குறைந்ததனால் பொறிவண்டும் சிலந்தியும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வட சீன வயல்களில் திரும்பத் தலையெடுத்தன. அவற்றால் அசுவினி குறைந்தது என்று அதே ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் காட்டினார்கள். புழு கடிக்காத செடியில் அசுவினி செழிக்கும் என்றது பரிசோதனைக் கூடம். பகைவர்கள் திரும்பிய வயலில் அசுவினி தேய்ந்தது என்றது நாட்டுப்புறம். இரண்டும் உண்மை. எந்தக் கை ஓங்குகிறது என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. ஒரு பூச்சியை நீக்கினால் விளைவு ஒன்றோடு நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டிலும் இந்த நாடகம் பல அங்கங்களாக நடந்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பைரித்ராய்டு என்னும் புதுவகை மருந்துகள் வந்தன. புள்ளிக் காய்ப்புழுவும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அடங்கின. குடியானவர்கள் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆந்திரத்திலும், பின்னர்த் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வெள்ளை ஈ வெள்ளம்போல் கிளம்பியது. அதன் பின்னால் பச்சைக் காய்ப்புழு வந்தது. அது அந்த மருந்துகளுக்குப் பழகிப்போய்விட்டது. 1987-88-ல் கரையோர ஆந்திரத்தில் கடன் வாங்கி மருந்துமேல் மருந்து அடித்தும் காயைக் காப்பாற்ற முடியாத குடும்பங்கள் நொடித்தன. குடியானவர் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அறிஞர்களின் ஏட்டில் 'ஓரினம் நீங்க மற்றோரினம் இடம் பெற்றது' என்று ஒரு வரியில் முடிவது, ஒரு வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போவதாகவும் அடுப்பு அணைவதாகவும் முடிகிறது.

2002-ல் பி.டி. பருத்தி இந்தியாவில் அநுமதிக்கப்பட்டது. 2006-ல் இரண்டு விஷங்கள் கொண்ட ரகம் வந்தது. பச்சைக் காய்ப்புழுவின் கொட்டம் அடங்கியது என்பதில் ஐயமில்லை, விளைச்சலும் உயர்ந்தது. ஆனால் காலியான பாகத்துக்குப் பங்காளிகள் வராமலில்லை. 2006, 2007 ஆண்டுகளில் பஞ்சாபிலும் குஜராத்திலும் வெளிநாட்டு மாவுப்பூச்சி ஒன்று செடிகளை வெள்ளையடித்ததுபோல் மூடியது. அதன் உடலுக்குள் முட்டையிட்டுக் கொல்லும் ஒரு சின்னஞ்சிறு குளவி தானாகவே வந்து சேர்ந்து அதை அடக்கியது. அந்தக் குளவிக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை. 2015-ல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைப் பாழாக்கியது. நஷ்டஈடு கேட்டுக் குடியானவர்கள் ரயில் தண்டவாளங்களில் உட்கார்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் கசப்பானது பழைய பங்காளி ஒருவனின் மறுவரவு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு நமக்குப் புதியதன்று; 1843-ல் ஸாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கிடைத்த பூச்சியைக் கொண்டுதான் அதை முதன்முதல் வர்ணித்தார். பருத்தியைத் தவிர வேறு உணவு அதற்கு அநேகமாக இல்லை. ஆகவே, நாடெங்கும் பி.டி. பருத்தியே நிறைந்தபோது அந்த விஷத்தை வெல்வதைத் தவிர அதற்கு வேறு கதியும் இல்லை. ஓரமாகச் சில வரிசை சாதாரணப் பருத்தி நட வேண்டுமென்ற விதியைப் பெரும்பாலோர் கைக்கொள்ளவில்லை. ஐந்தாறு மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் நீண்ட காலச் செடிகள் அதற்கு நெடுநாள் சோறு போட்டன. குஜராத்தில் முதல் விஷத்தை அது வென்றுவிட்டதென்று 2010-ல் அறிவிக்கப்பட்டது. 2015-க்குள் இரண்டு விஷங்களும் அங்கே பயனற்றுப் போயின. 2017-ல் மகாராஷ்டிரத்திலும் பெருஞ்சேதம் நேர்ந்தது.

இதே புழு 1917-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் நுழைந்தது. 2018-ல் அந்த நாட்டுப் பருத்தி நிலங்களிலிருந்து அது ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அங்கே பி.டி. பருத்தியை மட்டும் நம்பவில்லை. மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் ஆகாயத்திலிருந்து விட்டார்கள். பொறி வைத்து எண்ணினார்கள். அறுவடை முடிந்ததும் செடிகளை உழுது அழித்தார்கள். ஆயுதம் இரு நாட்டிலும் ஒன்றே. அதை ஒரே தெய்வமாகக் கும்பிட்டதும், பல கருவிகளில் ஒன்றாகக் கையாண்டதுமே வேற்றுமை.

செய்யத்தக்கது யாது?

"அப்படியானால் பூச்சியைக் கொல்லாமலே விட்டுவிடலாமா, ஐயா?" என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அது இந்தக் கதையின் நீதியன்று. காய்ப்புழுவைத் தடுக்காத வயலில் பஞ்சு மிஞ்சாது. கொல்வதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். கொல்லும்போது ஒன்றை மட்டும் குறிவைக்க வேண்டும். கொன்ற பின் காலியிடத்தைக் கண்காணிக்க வேண்டும். இம்மூன்றுமே நீதி.

எண்ணிப் பார்ப்பதற்கு வழி உண்டு. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைத் தடவிய இனக்கவர்ச்சிப் பொறியை வயலில் வைத்தால் ஆண் பூச்சிகள் வந்து விழும். பொறி ஒன்றுக்கு ஓர் இரவில் எட்டு வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தாலோ, பறித்துப் பிளந்து பார்த்த நூறு காய்களில் பத்தில் புழு இருந்தாலோ இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் காலம் வந்துவிட்டது. அதற்குக் குறைவானால் பொறுத்திருப்பதே லாபம். பயிரின் இளம் பருவத்தில் கடும் மருந்துகளைத் தவிர்த்துப் பொறிவண்டுப் பட்டாளம் சேர இடங்கொடுப்பதும் முக்கியம்.

எந்தப் பங்காளிக்கும் சாதகமில்லாத காரியம் ஒன்று உண்டு. அது மிகப் பழையது. அறுவடை முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, அடுத்த விதைப்பு வரை வயலில் பருத்தியே இல்லாமற் செய்வது. தண்டுக் கூன்வண்டுக்கும் காய்ப்புழுவுக்கும் ஒருங்கே அடுப்பு அணைந்துபோகும். சென்னை மாகாணத்தில் 1919-ல் இயற்றப்பட்ட பயிர்ப் பூச்சிச் சட்டத்தின்படி, கம்போடியாப் பருத்தி விளைந்த ஜில்லாக்களில் குறித்த நாளுக்குள் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டுமென்று சர்க்கார் கட்டாயப்படுத்தியது. நம் கரிசல் நிலத்துக் கருங்கண்ணியை விளைவித்த பெரியவர்களுக்கோ இதைச் சொல்லித்தரச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. பருத்திமார் அவர்கள் வீட்டு அடுப்புக்கு விறகு. விறகு விலைக்கு வாங்கும் வழக்கம் வந்த பிறகே மார் வயலிலும் வரப்பிலும் குவிந்து, புழுக்களுக்குச் சத்திரமாயிற்று.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். பூச்சிகளின் ஊர் இரண்டுபட்டிருப்பதனால் குடியானவருக்கு ஓரளவு நன்மை உண்டு. ஒன்று மற்றொன்றை அடக்கி வைத்திருக்கும் வரையில் எதுவும் தலைவிரித்தாடுவதில்லை. ஆனால் கூத்தாடி ஒரு கட்சியை அடியோடு ஒழித்துவிட்டால் ஊர் ஒன்றுபட்டுப்போகும். இரட்டைக் கூலியும் போய்விடும். ஆதலால், "இந்த மருந்து, இந்த விதை இன்ன பூச்சியை அறவே ஒழிக்கும்" என்று யாரேனும் கடையில் மார்தட்டிச் சொன்னால், வாங்குபவர் பணத்தை எடுக்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அது போன பின் அந்த இடத்துக்கு வரப்போவது யார்?" இதற்கு விடை வைத்திருப்பவரிடமே வாங்கலாம்.